அந்தப் பலாமரத்தை நான் அறுக்கவில்லை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. தம்பி செந்தில் கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குப் பெரிய பிளக்ஸ் வைத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, நீங்கள் ஒருநாளும் சிரிக்காத மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயருக்குக் கீழே ‘சா மில் அதிபர்’ என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே அவன் பெயர், அவன் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர். என் பெயரைத் தேடிப் பார்த்தேன். ‘மற்றும் குடும்பத்தினர்’ என்று இருந்தது. அதில்தான் நான் இருக்கிறேன் போல.

இதற்காகக் கோபித்துக்கொண்டு எழுதவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. உங்களிடம் ஆரம்பித்தால்தான் அதை எனக்குச் சொல்ல வரும். ஊரும் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நான் எப்படி மிஷினுக்கு வந்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரம் அறுக்கிறவர் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட்டார். வாசல் வரைக்கும் மரம் குவிந்து கிடந்தது. நான் அப்போது அளவெடுத்து பில் எழுதிக்கொண்டிருந்தேன். “நான் ஓட்டிப் பாக்கட்டாப்பா?” என்று கேட்டதற்குச் சிரித்தீர்கள். மூன்றாம் நாள், வேறு வழி இல்லாமல், உங்கள் பழைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். “சேலைக்கு மேல இதப் போட்டுக்க. முந்தானை பெல்ட்டுல மாட்டுனா ஆளையே இழுத்துரும்.” அவ்வளவுதான் நீங்கள் சொன்னது. மிச்சத்தை நானாகத்தான் படித்தேன். அறுத்து, கெடுத்து, மறுபடி அறுத்துப் படித்தேன்.

அப்புறம் உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதே வருஷம்தான் புயலும் வந்தது.

விடிந்து வெளியே வந்து பார்த்தபோது ஊருக்குள் இருக்கிற மாதிரியே இல்லை. எங்கு பார்த்தாலும் வானம். அதை மறைத்துக்கொண்டு நின்ற தென்னையும் பலாவும் தேக்கும் படுத்துக் கிடந்தன. கரண்ட் வருவதற்கே பல நாள் ஆனது. வந்த பிறகு டிராக்டர் டிராக்டராக மரம் வந்து இறங்கியது. ஒருவர் ஒரே ஒரு பலாமரத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வைத்த மரமாம். மிஷின் டிராலியில் ஏற்றும்வரை அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. “விக்கிறதுக்குக் கொண்டு வரல தாயி. ஒரு கட்டிலுக்கு அறுத்துக் குடு. அதுலயாச்சும் படுத்துக்கிறேன்” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினைப் போட்டேன். அந்தக் கட்டிலுக்கு ஒரு பலகைகூட வீணாகவில்லை.

மில்லுக்குப் பின்னால் வீட்டில் படுத்தபடியே நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நாடா மாதிரி சுற்றுகிற அந்த பிளேடு மழுங்கினால் சத்தத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். எவர்சில்வர் டம்ளரால் கட்டிலில் டங் டங் என்று தட்டுவீர்கள். நான் நிறுத்தி பிளேடு மாற்றுவேன். பார்க்க வருகிறவர்களிடம் குழறிக் குழறி, “எம்மக ஒரு ஆம்பளைக்குச் சமம்” என்பீர்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வருஷம் அப்படி ஓடியது. காலையில் உங்களைக் குளிப்பாட்டுவது, பிறகு மிஷின், மத்தியானம் உங்களுக்குச் சோறு ஊட்டுவது, மறுபடி மிஷின். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி இல்லாத நாளில் அவர் உங்களைத் தூக்கி வெயிலில் உட்கார வைப்பார். செந்தில் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணுவான். போனை உங்கள் காதில் வைப்பேன். நீங்கள் அழுவீர்கள். என்னிடம் ஒருநாளும் அழுததில்லை.

மில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஆபீஸில் இருந்த அதிகாரி அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடம் மகன் பேருக்கு மாறியிருக்கேங்க. அவர்தான் கையெழுத்துப் போடணும். நீங்க யாரு?” என்றார். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. செந்தில் ஒரு தைப்பூசத்துக்கு லீவில் வந்திருந்தபோது பத்திர ஆபீஸிலிருந்து வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறீர்கள். பகல் பதினொரு மணியாம். அந்த நேரத்தில் நான் இருபது அடி தள்ளி, உங்கள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மரம் அறுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதானே அப்பா ரேகை வைத்தீர்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன்.

“ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். “ஒனக்கு எழுதுனா அது ஒன் புருசன் வீட்டுக்குல்ல ஆத்தா போகும்.”

“அப்ப நான் இங்க என்ன பண்றேன்?”

“வாய மூடிக்கிட்டு இரு. நாலு பேரு கேட்டா நல்லாருக்காது.”

மூடிக்கொண்டேன். மறுநாளும் உங்களைக் குளிப்பாட்டினேன். மறுநாளும் மரம் அறுத்தேன். நீங்கள் சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. ஒருநாளாவது எடுப்பீர்கள் என்று நினைத்தேன்.

கருமாதிக்கு வந்த செந்தில் இனிமேல் சிங்கப்பூர் போகவில்லை என்றான். மறுவாரம் மில் சாவியைக் கேட்டான். “அக்கா, நீங்க இம்புட்டு நாளு பட்டது போதும். வீட்டுல இருங்க” என்றான். அதை அன்பாகத்தான் சொன்னான். அறந்தாங்கியிலிருந்து சுப்பையா என்று ஒருவரை மிஷினுக்கு வைத்தான். நல்ல மனுஷர், நல்ல வேலைக்காரர். என்னைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நம் கொல்லைப் பலாமரம் புயலில் விழுந்ததும் அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். செந்தில் வீடு கட்டும்போது தலைவாசல் கதவுக்கு என்று கொட்டகையில் போட்டு வைத்தீர்கள். அவன் புதுக்கோட்டையில் வீடு கட்டத் தொடங்கியிருந்தான். அதனால் அந்த மரத்தை அறுக்கச் சொன்னான். பக்கத்தில் இருக்கலாமே என்று நானும் போய் நின்றேன்.

அந்த மரத்துக்குள் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. துணி காயப்போடக் கொடி கட்டுவதற்கு, அம்மா உயிரோடு இருந்தபோது நீங்கள் அடித்தது. நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மரம் பெருக்கப் பெருக்கப் பட்டை மூடி, கொக்கி உள்ளே போய்விட்டது. வெளியே ஒரு தழும்புகூட இல்லை. உங்களுக்கு மறந்திருக்கும். செந்தில் அப்போது கைக்குழந்தை. தெரிந்தவள் நான் ஒருத்திதான். மரத்தின் வெட்டு முகத்திலும் மஞ்சளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கறை ஓடியிருந்தது. இரும்பு உள்ளே இருந்தால் பலா அப்படித்தான் கறுக்கும். கறையைச் சுற்றி மண் அப்பிக் கிடந்ததால், விஷயம் தெரியாத சுப்பையாவின் கண்ணில் அது படவில்லை.

“செந்திலு, அந்த மரத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“அக்கா, எல்லாத்துலயும் வந்து நிக்காதீங்க. அதான் ஆள் போட்டாச்சுல்ல. நீங்க அங்கிட்டுப் போங்க.”

நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ‘கொக்கி இருக்கு.’ இரண்டே வார்த்தை. கத்திச் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கலாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் அப்பா. பிளேடு போகட்டும் என்று நினைத்தேன். பிளேடு போனால் என்னிடம் வந்து நிற்பான், அக்கா நீங்களே வந்து பாருங்க என்பான், இதைத்தான் நினைத்தேன். கை போகும் என்று நினைக்கவில்லை. மிஷின் ஓட்டினவள் நான். பிளேடு அறுந்தால் எங்கே வந்து அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன். அதுதான் உண்மை.

மூன்றில் ஒரு பங்கு அறுத்திருப்பார். ஒரு கீச்சல். அவ்வளவுதான். அறுந்த பிளேடு சுருண்டு வந்து சுப்பையாவின் வலது முன்கையில் இறங்கிவிட்டது. செந்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நான்தான் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். நான்தான் காரில் அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர், “ஒங்க சேல வீணாப்போச்சு தாயி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கை இருக்கிறது. மூன்று விரல் மடங்காது. இனிமேல் மிஷின் வேலை முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கடையில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறார். மாதம் ஒருமுறை தூக்குவாளியில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் அவர், “அன்னைக்கு நீங்க மட்டும் கட்டுப் போடலன்னா நான் போயிருப்பேன்” என்று கும்பிடுகிறார். மடங்காத விரலோடு கும்பிடுகிறார். நான் அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன். இதுவரை ஆறு தடவை வாங்கியிருக்கிறேன்.

செந்தில் பயந்துபோய் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். இடத்தில் கல்யாண மண்டபம் வரப்போகிறதாம். பலாமரம் பாதி வாய் பிளந்தபடி இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. அவன் வீட்டுக்குக் கதவு கடையில் வாங்கிப் போட்டுவிட்டான்.

நீங்கள் செய்தது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் எனக்குச் செய்ததை நான் உங்களுக்கோ செந்திலுக்கோ திருப்பிச் செய்யவில்லை. எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காத ஒரு மனுஷருக்குச் செய்துவிட்டேன். இந்தக் கணக்கில் உங்கள் பங்கு எது, என் பங்கு எது? ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன். பிரிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அறந்தாங்கி போகிறேன் அப்பா. இது அச்சில் வந்து அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. இந்தத் தடவை குழம்பு கொண்டுபோகவில்லை. அவர் கும்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அவர் மனைவி என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். மண்ணை வாரித் தூற்றினால் நிற்பேன். நீங்கள் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இரு, நாலு பேர் கேட்டால் நல்லா இருக்காது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டேன். இனிமேல் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த பிள்ளை,
வளர்மதி