சத்து மாத்திரை

வெள்ளிக்கிழமை

அம்மாவின் இடது கை இன்றும் அசையவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினீர்களா என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவள் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வெளியே போனதும் என்னிடம் குழறிக் குழறிச் சொன்னாள்.

"அப்பாவுக்கும் பிரஷர் இருக்கு. கிளினிக் போனா அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டாங்கன்னு மலைக்கு வேலைக்குப் போயிருவாரு. என்னோடத சத்து மாத்திரைன்னு சொல்லி அவருக்குக் குடுத்துட்டேன். மொனராகலை மாமா குடுத்த கொக்கோ பிரஷருக்கு நல்லதுன்னாங்க. நான் அதக் குடிச்சுக்கிட்டேன்."

கொக்கோ கொஞ்சம் நல்லதாம். மாத்திரைக்கு ஈடாகாதாம். நான் போய்க் கேட்டபோது டாக்டர் இன்றுதான் சொன்னார்.

லயத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அப்பா ஒரு மாத்திரையை விழுங்கினார்.

"சத்து மாத்திரை முடியப் போவுது. அம்மா வந்தோன்ன கேக்கணும்."

சரி என்றேன்.