யார் கையைப் பிடித்தேன்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

மதியம் சோற்றில் இவருக்கு மறுபடியும் கல். "இன்னா ஜெயா, அரிசியில கல்லு பொறுக்குனியா, கல்லுல அரிசி பொறுக்குனியா?" என்கிறார். கிண்டலுக்கு மட்டும் இந்த மனுஷனிடம் குறைச்சல் இல்லை. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன்.

"நீ ஜெபம் பண்ணு. நான் கல்லக் கடிச்சிக்கினு கெடக்கறேன்."

தினமும் கண்ணை மூடிக்கொண்டு கண் கேட்கிறேன். ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐயோ.

ஆராதனையின் நடுவே பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து சமாதானம் சொல்வது எங்கள் சபை வழக்கம். என் பக்கத்தில் எப்போதும் ராதிகா டீச்சர்தான். இன்றும் ஒரு நீலப் புடவை தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து சமாதானம் சொல்லி, தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றும் சேர்த்துவிட்டேன். அந்தக் கை என்னை விடவே இல்லை. டீச்சருக்கு என்ன கஷ்டமோ என்று நானும் இறுக்கிப் பிடித்தேன்.

வெளியே வந்ததும் இவர், "இதான் அதிசயம்! சாலம்மாகிட்ட பேசிட்டியே!" என்றார்.

சாலம்மாள்! இவர் தம்பி பொண்டாட்டி, என் ஓர்ப்படி. என் மகள் கல்யாணப் பந்தியில், "பிரியாணியில கறியத் தேடறதுக்கு கண்ணாடி போடணும் போலக்கீதே" என்று ஊரே கேட்கச் சொன்னவள். மூன்று வருஷமாக அவள் இருக்கும் பக்கம் நான் தலையைத் திருப்பியதில்லை.

டீச்சர் நைனார்பாளையத்தில் ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டாராம். இன்றைக்கென்று பார்த்து!

பிப்ரவரி 10

வந்துவிட்டாள். கல்வராயன் மலையில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுச் சாமை ஒரு பை நிறைய.

"நானே வரணும்னு நெனச்சிக்கினு இருந்தேங்க்கா. நீ முந்திக்கின."

அது உனக்கில்லை தாயே என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண் கலங்கிய மாதிரி இருந்தது — கலங்கலாக இருந்தது அவள் கண்ணா, என் கண்ணா, எனக்கு எப்படித் தெரியும்? காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, முறத்தை எடுத்து என் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். இவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதும் பொய்தானே?

பிப்ரவரி 16, ஞாயிறு

போதகர் பிரசங்கத்தில், "நம் சபையில் ஒரு சகோதரி பகையை மறந்து முதலில் கை நீட்டினார்" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். "எவ்ளோ தாழ்மை பாரேன்" என்று பின்னால் ஒரு குரல்.

மன்னிக்காமலே மன்னித்த பேர் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆண்டவரே, இது உம்முடைய வேலையா, புரையின் வேலையா?

இந்த அவமானத்துக்கு ஆபரேஷனே மேல். சரி என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 20

நாளை ஆபரேஷன். இவர் இன்று ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

கட்டு அவிழ்த்தாயிற்று. அடுப்படிச் சுவரில் இவ்வளவு கரியா? இவருக்கு இவ்வளவு நரையா? கண் தெரியாதவரை நான் நல்ல வீட்டில்தான் குடியிருந்திருக்கிறேன்.

சொட்டு மருந்து இவர் விட்டால் மூக்கில் விழுகிறது. சாலம்மாள்தான் வந்து விடுகிறாள். இன்று அவள் மடியில் தலைவைத்து அண்ணாந்தபோது அவள் முகம் என் முகத்துக்கு நேர் மேலே. முன்வகிடு முழுக்க வெள்ளை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. எப்போது இப்படி ஆனாள்? எனக்குப் புரை வந்தது போன வருஷம்தான். அதற்கு முன்னால் கண் நன்றாகத்தானே இருந்தது! நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

தாங்க முடியவில்லை. "சாலா, அன்னிக்கி உன்ன ராதிகா டீச்சர்னு நெனச்சிதான் கையப் புடிச்சேன்."

"தெரியுங்க்கா. டீச்சர்னுதான கூப்புட்ட."

"அப்புறம் ஏன்டி வந்த?"

"நீ மூஞ்சத் திருப்பிக்கினே இருந்தா நான் எந்தப் பக்கமா வர்றது? கெடச்ச வழியில வந்தேன். கண்ண மூடாத, மருந்து வழியுது."

அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுதேன்.

பிப்ரவரி 26

மருந்து விட்டுவிட்டு எழுந்துகொள்ளும்போது, "ஆனா அன்னிக்கி கறி கம்மிதாங்க்கா" என்கிறாள். இவளை என்ன செய்வது ஆண்டவரே. கம்மிதான்.

மார்ச் 2, ஞாயிறு

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். பக்கத்தில் ராதிகா டீச்சர். நிஜமாகவே டீச்சர்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன். சாலம்மாள் கடைசி வரிசையில், கதவோரம்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. டீச்சர் கையைப் பிடித்துச் சொன்னேன். பிறகு எழுந்து பின்பக்கம் நடந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பது இந்த முறை எனக்கும் நன்றாகத் தெரிந்தது. அவள் முன்னால் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். வெளிச்சம் கூசியது, பரவாயில்லை. அவள் கையைப் பிடித்து, "சாலம்மா, சமாதானம்" என்றேன்.

அன்றைக்குப் போலவே இன்றும் அவள் என் கையை விடவில்லை.

ஆராதனையைத் தொடர்வதற்காகப் போதகர் முன்னால் காத்து நின்றுகொண்டிருந்தார். நிற்கட்டும்.