கை படாத நூறு நாள்

ஹைதராபாத்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கணவருக்கு, ஹைமாவதி எழுதுவது.

நீங்கள் மறந்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையையும் கோங்கூரா பச்சடியையும் டெல்லிக்கு வரும் சத்யவாணி கையில் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதைப் படியுங்கள். போனில் சொன்னால் சிரித்தே என்னைச் சரிக்கட்டிவிடுவீர்கள். இருபது வருஷமாக அதுதானே நடக்கிறது.

திங்கட்கிழமை டெல்லி மேடையில் நீங்கள் பேசப்போவது எனக்கு மனப்பாடம். ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் நம் கணினிகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன, நூறு நாளாக மனிதக் கை படவில்லை என்பீர்கள். அதை நம்பித்தான் அடுத்த வாரம், கணினிகளைக் கண்காணிக்க ஆள் உட்காரும் காவல் நாற்காலியை எடுக்கப்போகிறார்கள். என் நாற்காலியை.

கை பட்டது. என் கைதான். நேற்றுக்கு முன் நாலு தடவை.

அழைப்பு குறைந்தால் உங்கள் மென்பொருளின் ஒரு பாதி கணினிகளைத் தூங்க வைக்கிறது. மறு பாதி பதறிப்போய் எழுப்புகிறது. இரண்டும் குழாயடிச் சண்டையில் இறங்கிவிட்டால் அழைப்புகள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு பாதியை நானே நிறுத்திவிட்டு, நிறுத்திய தடயத்தைப் பதிவிலிருந்தும் அழித்தேன். உங்கள் தலை குனியக்கூடாது என்று நினைத்தேன். முட்டாள்தனம். என் டைரியில் மட்டும் எல்லாம் இருக்கிறது.

நேற்று மதியம் ஐந்தாவது தடவை. நாற்காலி போகத்தானே போகிறது, தானாகத் தெளிகிறதா பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை எல்லய்யா, "என்ன மேடம், உங்க வீட்டுக்காரர் பெத்த பிள்ளை இன்னும் முழிக்கலையா?" என்று கிண்டல் செய்தார். மூன்று நிமிடம் போனது. தெளியவில்லை. பாய்ந்துபோய் நிறுத்தினேன்.

முதலில் விழுந்த அழைப்பு ஜனகாமிலிருந்து. மாமனாருக்கு நெஞ்சுவலி, ஒரு பெண் நாலாவது முறையாகக் கூப்பிடுகிறாள். பெயர்கூடச் சொல்லாமல், "அங்க மனுஷங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றுதான் கேட்டாள். "இருக்கேம்மா, சொல்லு" என்று முகவரியை வாங்கி வண்டியை அனுப்பினேன். வண்டி போய்ச் சேர்ந்தது, பெரியவர் பிழைத்தார். அந்த மூன்று நிமிடத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க உங்களால்தான் முடியும். அதுவரை நாற்காலி இருக்கட்டும். மேடையில் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலை டைரியோடு நான் இயக்குநர் அறைக்குப் போவேன். என் வேலை போகும், தெரியும். நம் வீட்டில் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை.

யாதகிரிகுட்டா சாமி உங்களுக்கு உண்மையைச் சொல்ல வாய் கொடுக்கட்டும். இங்கே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள்,
ஹைமா