கீழிருந்து பார்த்தால் வலம்தான்

சிக்குக்காரிக்கு,

நேற்று சாயங்காலம் உன் மகள் வந்து ஒரு துணிப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரைக்குப் பிசைந்து காய்ந்த மைதா மாவும் பெருங்காயமும் ஏரித் தண்ணீரும் கலந்த அந்த வாடை, பை திறப்பதற்கு முன்பே வெளியே வந்து என்னைக் குசலம் விசாரித்தது. உன் தூண்டில் ரீல். அதில் நீ கடைசியாகப் போட்ட சிக்கு, காக்கைக் கூடு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு எப்பவோ சொல்லி வெச்சாங்க பெரிம்மா" என்றாள்.

இருந்தவரை நீ போட்ட சிக்கில் பாதியை நான்தான் எடுத்தேன். போன பிறகும் ஒன்றை அனுப்பி வைத்திருக்கிறாய். உன்னைத் திட்டலாம் என்றால் ஆள் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ரீல் உன்னிடம் வந்த கதை நினைவிருக்கிறதா? செங்கம் ரோட்டில் உன் வீட்டு மாடியறையில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். மௌன விரதம். பழம்தான் சாப்பாடு. உன் வீட்டில் கருவாடு வறுத்த அன்று மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு படியிறங்கிய புண்ணியவான். அவருக்காகவே நீ வீட்டில் மீன் சமைப்பதை விட்டுவிட்டு, மீன் வாங்கினால் வேங்கிக்காலுக்கு என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாய். அவர் காலி செய்து போனபின் அறையைப் பெருக்கப் போனவள், யோகா பாய்க்குப் பின்னால் சாத்தியிருந்த தூண்டில் கோலையும் ரீலையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாய்.

"தெனமும் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருந்தானே, மீனு கடிக்குதான்னு பாத்துக்கினு இருந்தானாடி?"

அது மூலையில் கிடந்து தூசி தின்றிருக்கும். உன் சம்பந்தி வாய் திறக்காமல் இருந்திருந்தால்.

கடலூர்ப் பக்கத்து மனிதர். இரும்புக்கடைக்காரர். மகளைக் கட்டிக்கொடுத்த வீடாயிற்றே என்று நீ இலைபோட்டுப் பரிமாறுவாய். அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே ஆரம்பிப்பார். "மலைக்காரங்களுக்கு மீனப் பத்தி என்னங்க தெரியும். எங்க பக்கம் சின்னப் புள்ளகூட தூண்டி போடும்." ஒருமுறை இல்லை, வரும்போதெல்லாம். உன் மகள் வைக்கும் குழம்பையும் அதே வாயால்தான் அங்கே சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்:

"வர்ற காணும் பொங்கலுக்கு வாங்க சம்பந்தி. நானே புடிச்சி, நானே கொழம்பு வெச்சிப் போடறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது. உன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. உன்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "உனக்கு எதுக்கும்மா இந்தச் சவால்? நீ தோத்துட்டு இங்க இருந்துடுவ. அங்க போயி அந்தப் பேச்ச வருஷம் முழுக்க நான்தானே கேக்கணும்" என்றாள். அந்த நிமிடம்தான் உன் முகம் மாறியது. அன்றைக்கே என்னையும் இழுத்துவிட்டாய்.

முதல் ஞாயிறு ஏரிக்கரையில் நாம் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐம்பது கடந்த இரண்டு பெண்கள், புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு கோலுக்கு ஆளுக்கொரு பக்கம் பிடி. ரீலில் நைலான் நரம்பைப் பிடித்து வைத்திருக்கும் கம்பி வளையத்தைத் திறந்துவிட்டுத்தான் வீச வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. நீ கை வலிக்க வீசினாய். ஈயக்குண்டு எங்கேயும் போகாமல் கோலின் நுனியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து உன் கொண்டையில் விழுந்தது. வளையத்தைத் திறந்து வீசியபோது நரம்பைப் பிடித்த விரலைச் சீக்கிரம் விட்டுவிட்டாய். தூண்டில் முள் பின்னால் போய் வேலிகாத்தான் புதரில் மாட்டியது. அடுத்த தடவை விரலை விடவே இல்லை. குண்டு உன் காலடித் தண்ணீரில் தொப்பென்று விழுந்து நம் இரண்டு பேர் புடவையும் நனைந்தது.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவல்காரர் சைக்கிளில் வந்து நின்றார். விரட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் பீடி ஒன்று முடியும்வரை நம்மைப் பார்த்துவிட்டு, "நீங்க பாட்டுக்கு வீசுங்கக்கா. நீங்க புடிக்கறதுக்குள்ள மீனுக்கு வயசாயி அதுவா செத்துடும்" என்று சொல்லிப் பெடலை மிதித்தார். அதற்கப்புறம் அவருக்கு நாம் 'சிக்கெடுக்கற அக்காங்க' ஆனோம்.

சிக்கு என்றால் சாதாரணச் சிக்கா அது! ரீல் உருளையில் நீ நரம்பை விளிம்பு வழியச் சுற்றியிருந்தாய். கேட்டால், "கொறைச்சு ஊத்தறது நம்ம வீட்டு வழக்கமில்ல" என்றாய். வீசினதும் கொத்துக்கொத்தாகச் சரிந்து இடியாப்பமாக விழுந்தது. அவிழ்த்து, விளிம்புக்குக் கீழே இரண்டு அரிசி அகலம் விட்டுச் சுற்றியதில் கொஞ்சம் அடங்கியது. தளர்வாகச் சுற்றாமல் விரலிடுக்கில் பிடித்து இறுக்கமாக ஏற்றியதில் இன்னும் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் நாலு வீச்சுக்கு ஒருமுறை நரம்பு தன்மேலேயே முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுந்தது. நான் ஆத்திரத்தில் பல்லால் கடித்து அறுக்கப் போவேன். நீ கையைத் தட்டிவிட்டு, தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவுவாய்.

"இழுக்காதடி. இழுத்தா முடிச்சாயிடும். தளத்து. தளத்தனா அதுவே வாயத் தொறக்கும்."

மீன் பிடிக்கப் போய், காலை முழுக்க ஊசியும் கையுமாகக் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துவிட்டு, வெறும் தூக்குவாளியோடு திரும்பினோம். மார்கழி போய்க்கொண்டிருந்தது. உன் மகள் போனில், "மாமா நாளு எண்ணிக்கினு இருக்காரும்மா" என்றாள்.

விடை ஒரு வீடியோவில் கிடைத்தது. யாரோ ஒரு கேரளக்காரர். பேசியதில் பாதிதான் நமக்குப் புரிந்தது, ஆனால் கை காட்டியது முழுக்கப் புரிந்தது. கடையில் வாங்கிய நரம்புக் கண்டைத் தரையில் வைத்து ரீலுக்கு ஏற்றும்போது, அது எந்தப் பக்கமாகச் சுழன்று பிரிகிறது என்று பார்க்க வேண்டும். ரீலின் வளையம் வலமாகச் சுற்றுகிறது. கண்டிலிருந்து நரம்பு இடமாகப் பிரிந்து வந்தால் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதுவும் வலமாகப் பிரிந்தால் முறுக்கின்மேல் முறுக்கு. அப்படி வந்தால் கண்டைத் தலைகீழாகத் திருப்பி வை, அவ்வளவுதான் சங்கதி என்றார் அவர்.

நம்முடையது வலமாகத்தான் பிரிந்துகொண்டிருந்தது. தற்செயலாக இல்லை. நீ பார்த்துப் பார்த்து அப்படி வைத்திருந்தாய்.

தோசைக்கரண்டியைக்கூட வலமாகத்தான் தேய்ப்பாய் நீ. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றிய காலுக்கு, வேறு பக்கம் திரும்பவே தெரியாது. ரவுண்டானாவைச் சட்டமே வலமாகச் சுற்ற வைத்திருப்பதில் உனக்கு அரசாங்கத்தின்மேல் ஒரு தனி மரியாதை. உன்னிடம் போய் நான், கண்டைத் திருப்பி வை, இடமாகச் சுற்றட்டும் என்றேன்.

"அவங்க ஊர்ல மலையச் சுத்த மாட்டாங்க. அவரு சொல்லுவாரு" என்றாய்.

"இது மலை இல்லடி. நரம்பு."

"எதுவா இருந்தா என்னா? இந்த ஊர்ல பொறந்துட்டு இடமா சுத்தி, அதுல மீனப் புடிச்சி, அத சம்பந்தி வாயில போட்டு, அப்புறம் எம்பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நீயா வந்து பாப்ப?"

நான் கோபத்தில், அப்படியானால் சம்பந்திக்குச் சாம்பாரையே ஊற்று என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ கொதிக்கும்போதுதான் யோசனை வந்தது. என் வீட்டு ஒயர் நாற்காலியைக் கூடத்து நடுவில் இழுத்துப் போட்டேன். பின்னல் இடைவெளியில் மறுபக்கம் தெரியும். கண்டைத் திருப்பி அதன்மேல் வைத்தேன். "நான் நரம்ப இழுக்கறேன். நீ கீழ படுத்து அங்க இருந்து பாரு" என்றேன்.

முறைத்தாய். ஆனாலும் படுத்தாய். உன் உடம்புக்கு அந்த நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்ததே பெரிய காரியம். நான் மெல்ல இழுக்க, நரம்பு கண்டைச் சுற்றிச் சுற்றிப் பிரிந்தது.

"ஆமாண்டி" என்றாய் உள்ளிருந்து. "கீழ இருந்து பாத்தா வலம்தான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான். "ஆனா சாமி மேலதானே இருக்குது" என்று கேட்டுவைத்தேன்.

நாற்காலிக்கடியிலிருந்தே பதில் வந்தது. "சாமியோட அடியத் தேடிப் போனவரு பாதியில திரும்பி வந்துட்டாரு இல்ல? அப்ப கீழயும் சாமிதானே. அங்க இருந்து பாக்கட்டும். நீ சுத்து."

இத்தனை காலம் செங்கம் ரோட்டில் குடியிருந்து போன ஞானிகள் யாரும் உன் மாடியறை வாடகைக்கு இப்படி ஒரு விளக்கம் சொன்னதில்லை.

அப்புறம் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டினாய். நான் இழுத்தேன், நாற்காலியும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து எப்போது நரம்பு மாற்றினாலும் அது சடங்காகிவிட்டது. ஒருமுறை நீ கீழே போவாய், ஒருமுறை நான். வெளியே இருப்பவள் கை கொடுக்க வேண்டும்.

நரம்பு பட்டுப் போல ஏறியது. அந்த வாரம் என் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் முள் இல்லாமல் வெறும் ஈயக்குண்டு கட்டி வீசிப் பழகினாய். சிக்கே விழவில்லை.

காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். சம்பந்தி வெள்ளை வேட்டியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உன் மகள் எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான பெண் என்பதை மறந்து. நீ வளையத்தைத் திறந்தாய். விரலில் நரம்பைப் பிடித்தாய். வீசினாய். குண்டு ஆகாயத்தாமரையைத் தாண்டி, நாம் ஒருநாளும் எட்டாத நடுத்தண்ணீரில் போய் விழுந்தது. காவல்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

வெயில் ஏறும்வரை உட்கார்ந்ததில் ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. உள்ளங்கை அளவு. சம்பந்தி குனிந்து பார்த்து, "இது மீனுங்களா, மீனோட போட்டோங்களா?" என்றார். உன் மகள் என் முந்தானையை விட்டுவிட்டாள். அவர் அதோடு நின்றிருந்தால் தோற்றிருப்போம். ஆனால் மனிதருக்கு ஆசை விடவில்லை. "குடுங்க, எப்படிப் போடறதுன்னு காட்றேன்" என்று கோலை வாங்கினார்.

வளையத்தைத் திறக்கவில்லை. பாவம், அதைத் திறக்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. குண்டு சுற்றிக்கொண்டு வந்து முதுகில் விழ, முள் வேட்டியின் பின்பக்கம் மாட்டிக்கொண்டது. அவர் திரும்பத் திரும்ப நரம்பும் சேர்ந்து சுற்றியது. வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க நின்றவர், கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார்: "நமக்கு இரும்புக் கடைதாங்க. மீனு சைக்கிள்ல வீட்டுக்கு வரும். தூண்டியெல்லாம் தொட்டதே இல்ல."

நான் பேசத் தயாராக இருந்தேன். அத்தனை சாம்பாருக்கும் சேர்த்து நாலு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பின்னால் குந்தி உட்கார்ந்து, கொண்டை ஊசியை உருவினாய்.

"இழுக்காதீங்க சம்பந்தி. தளத்துங்க. வேட்டி கிழிஞ்சிடும்."

அன்று என் வீட்டில் நீ வைத்த குழம்பில் மாங்காய்தான் நீந்தியது. மீன் எந்த மூலையில் என்று தேட வேண்டியிருந்தது. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். போகும்போது உன் மகளிடம், "ஒங்கம்மாகிட்ட இந்தக் கொழம்பக் கத்துக்கம்மா" என்றார். அதுவும் ஒரு குத்தல்தான் என்று நான் சொன்னேன். நீ, "இல்லடி, தளந்துட்டாரு" என்றாய். நீ சொன்னதுதான் சரி. அதற்கப்புறம் அந்த வீட்டில் உன் மகளின் குழம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் வந்தார். நீ வீசக் கற்றுக்கொடுத்தும், அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

போன ஐப்பசிப் பௌர்ணமிக்கு மழையில் மலை சுற்றி நடந்துவிட்டு வந்து படுத்தவள், காலையில் எழவில்லை. உன் வீட்டு வாசலில் வாய்விட்டு அழுத ஆம்பிளை அவர் ஒருவர்தான். போன வாரம் எனக்குப் போன் செய்தார். "அவங்க இல்லன்னாலும் ஏரிக்கு ஒரு நட போயிட்டு வரலாங்களா?" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது.

அதனால் இன்று உன் கடைசிச் சிக்கை எடுக்க உட்கார்ந்தேன். உன் கை போட்டது, அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். வெச்சி பூஜ பண்றதுக்கா குடுத்தேன் என்று நீ கேட்பது காதில் விழுந்தது. இழுக்காமல் தளர்த்தினேன். சாயங்காலம்வரை ஆனது. உள்ளே நரம்போடு நரம்பாக உன் நரைமுடி ஒன்று சுருண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. நரம்பு பழசு, தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த முடியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இப்போதைக்கு என் கொண்டை ஊசியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

புதுக் கண்டு வாங்கி வந்திருக்கிறேன். ஒயர் நாற்காலியை நடுவில் போட்டுத் திருப்பி வைத்தேன். மேலிருந்து பார்த்தேன், இடம். நரம்பின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே, முட்டிவலியோடு தரையில் படுத்து நாற்காலிக்கடியில் புகுந்து, கீழிருந்து இழுத்துப் பார்த்தேன், வலம். நீ இப்போது எந்தப் பக்கமிருந்து பார்க்கிறாயோ தெரியாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், பிறகு என்மேல் குறை சொல்லாதே.

பார்த்து முடித்ததும், பழக்கத்தில் கையை வெளியே நீட்டிவிட்டேனடி.