வாசலில் நிற்பவள்

மார்ச் 3

இந்த ஊருக்கும் வந்து சேர்ந்தோம். அறை மொட்டைமாடிக்கு ஒரு மாடி கீழே. "இங்கேருந்து பார்த்தா பழைய நகரம் முழுக்கத் தெரியும்" என்று அறையை வாடகைக்கு விட்டவர் சொல்லியிருந்தாராம். ஏறி வந்தபின் எனக்குத் தெரிந்தது என் முட்டி மட்டும்தான்.

நாத்தனார் ஜன்னலைத் திறந்தாள். அழாத குறை. "அண்ணி, அந்தச் சுவரைப் பாருங்களேன். என்ன அழகா விரிசல் விட்டிருக்கு." எங்கள் சமையலறைச் சுவர் விரிசல் விட்டபோது உன்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் விட்டோமே, கொத்தனாரையல்லவா கூப்பிட்டோம் என்றேன். சிரித்தாள்.

இவள் என் வீட்டுக்காரரின் தங்கை. உலகத்தில் எங்கே பழைய நகரம் இருந்தாலும் போய்ப் படம் எடுப்பாள். எல்லாம் சேர்ந்து பெரிய புத்தகமாக வரப்போகிறது. அவளுக்கு முதுகெலும்பு விலகியதிலிருந்து கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "படிச்ச ஆளைக் கூட்டிட்டுப் போனா எனக்கே யோசனை சொல்றாங்க அண்ணி. நீங்க வாங்க" என்றாள். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டியவள் நான்.

காமிராவை நிறுத்துகிற முக்காலியைத் தூக்குவது என் வேலை. தேநீர் போடுவது, கடைக்காரர்களிடம் பல்லைக் காட்டி வைப்பது. அப்புறம், நிற்பது. வெறும் கதவைப் படம் எடுத்தால் அது எவ்வளவு பெரிசு என்று தெரியாதாம். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான். முகம் தெரியாமல் பாதி திரும்பி நிற்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றியதும் என் கையில் கொடுத்துவிடுவாள். அவளிடம் இருந்தால் தொலைந்துபோகும். பழைய லென்ஸ், அதன் மூடி இப்போது எங்கேயும் கிடைக்காது. நான் அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு போய் நிற்பேன். என் சொந்த வாசலில் இவ்வளவு நேரம் நின்றதில்லை. நின்றிருந்தால் மாமியார் கேட்டிருப்பார்.

மார்ச் 4

மழை. வெளிச்சம் சரியில்லை என்று நாத்தனார் வானத்தைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். நல்ல மழை.

மார்ச் 5

பதிப்பகத்துக்காரர் இதுவரை எடுத்த படங்களை அடுக்கி, கீழே ஒவ்வொரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். நாத்தனார் குளிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. எனக்கு வேகமாகப் படிக்க வராது. விரல் வைத்துத்தான் படித்தேன்.

மலைமேல் இருந்த ஊர், படிக்கட்டில் நான். கீழே: "தலைமுறை தலைமுறையாக இந்தப் படிகளோடு வாழும் பெண்." ஒரே ஒரு தடவை ஏறினேன். ஏறும்போது அந்தப் படியைக் கட்டினவன் வம்சத்தையே திட்டினேன்.

துறைமுக ஊர், வளைவுக்கு அடியில் நான். "கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருப்பவள்." என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

இதுவரை சிரித்தேன். கோட்டை ஊர்ப் படம் வந்தது. "இறுகிய அந்தக் கைக்குள் எதைப் பொத்தி வைத்திருக்கிறாள் இந்த மூதாட்டி? அழிந்துகொண்டிருக்கும் தன் நகரத்தின் நினைவையா?"

லென்ஸ் மூடி, ஐயா. லென்ஸ் மூடி.

மூதாட்டியாம். தலைக்குச் சாயம் போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது அப்போது.

நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கேட்டேன். "அதுவா, அவங்க எழுதினது அண்ணி. படிக்கிறவங்களுக்கு அது யாருன்னு தெரியவா போகுது?"

"எல்லாப் படத்திலேயும் ஒரே ஆளு நிக்கிறேனே. ஒருத்தருக்குமா தெரியாது?"

"யாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. நீங்க எல்லா ஊருக்கும் நல்லாப் பொருந்தறீங்க."

என்ன அர்த்தம் அதற்கு? பொருந்துகிறேன் என்றால் என்ன? அவளைக் கதவோரம் நிறுத்தினால் பொருந்த மாட்டாளாமா? சாயம் போன சால்வை, வெடித்த குதிகால், இது இருந்தா எந்த ஊர்க்காரின்னு வேணாலும் சொல்லிக்கலாமா? இல்லாதவளுக்கு உலகம் முழுக்க ஒரே முகம்தானா?

மார்ச் 6

அவளோடு பேசவில்லை. தேநீர் போட்டேன், அவளுக்கும் சேர்த்து. தேநீர் கோபத்தில் சேராது.

மார்ச் 7

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் வயிறு எரிந்தே போகும்.

அட்டைப் படத்துக்கு ஓர் ஊதாக் கதவு கிடைத்துவிட்டது. கோணல் சந்து, கல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உண்மையிலேயே அழகுதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. வாசலில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாள் ஒருத்தி, ஏறக்குறைய என் வயசு. பிளாஸ்டிக் வாளி, சங்கிலி கழன்ற சைக்கிள், செருப்புக் குவியல்.

"துணி, வாளி எதுவும் வேண்டாம்" என்றாள் நாத்தனார். எங்களுக்கு அந்த ஊர்ப் பேச்சைப் புரியவைக்க ஒரு வழிகாட்டி இருக்கிறார். மீசைதான் முதலில் வரும், அவர் பின்னால் வருவார், அதனால் மீசைக்காரர் என்றே கூப்பிடுகிறேன். அவர் போய் அவளிடம் ஏதோ அதட்டலாகச் சொன்னார். ஏதோ சர்க்கார் வேலை மாதிரி. அவள் ஈரத்துணியை எல்லாம் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகெல்லாம் நனைந்தது. சைக்கிளையும் அவளே தள்ளினாள். நான் வாளியைப் பிடிக்கப் போனேன். "அண்ணி, நீங்க நகராதீங்க, வெளிச்சம் போகுது" என்று இங்கிருந்து சத்தம்.

அவளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியாயிற்று. அப்புறமும் விடவில்லை. "உள்ளே விளக்கை அணைக்கச் சொல்லுங்க. இடுக்குல மஞ்சளாக் கசியுது." விளக்கும் அணைந்தது.

பிறகு என்னை அவள் வாசலில் நிறுத்தினார்கள். அவளாக.

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு இடுக்கு வழியாக அவள் மூச்சு கேட்டது. ஈரத்துணி சொட்டுவதும் கேட்டது. தன் வீட்டுக்குள் இருட்டில் நிற்கிறாள், நான் வெளியே வெளிச்சத்தில் அவள் மாதிரி நிற்கிறேன். இடையில் ஒரு கதவு கனம்.

உள்ளே இருந்து ஏதோ சொன்னாள். மீசைக்காரர் சிரித்தார். என்ன என்றேன். "ஒண்ணுமில்லக்கா." சொல்லாவிட்டால் நகர்ந்துவிடுவேன் என்றேன்.

"'என் வாசல்ல அந்தம்மாவை நிக்க வெச்சிருக்கீங்களே, பாத்திரமும் அவங்களே கழுவிடுவாங்களா'ன்னு கேக்கறாங்க."

சிரித்துவிட்டேன். நானாயிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். சிரிப்பு முடிவதற்குள் முகமெல்லாம் சுட்டது. அங்கிருந்து இறங்கி நடந்தேன். ஆனால் அதற்குள் நாத்தனார் படத்தை எடுத்து முடித்துவிட்டாள்.

மார்ச் 8

படத்தைக் காட்டினாள். அவள் எடுத்ததிலேயே இதுதான் உசத்தி. எனக்கே தெரிகிறது. ஊதாக் கதவும் தேய்ந்த கல்லும், திரும்பி நிற்கும் ஒருத்தியும். சிரித்துக்கொண்டிருந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. தோள் குலுங்கியதை அழுகை என்று எழுதப் போகிறார்கள், பார்.

பதிப்பகத்துக்காரர் போனில் குதித்தாராம். இதுதான் அட்டை, இது இல்லாமல் இந்த வருஷம் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"என்னை எடுத்துட்டு வேற படம் போடு" என்றேன்.

"இதுக்காக முதுகையே குடுத்திருக்கேன் அண்ணி. ஒரு வரி எவனோ எழுதினான்னு..."

"எழுதினது அவன். அவளைத் துணியை எடுக்கச் சொன்னது நீ."

காமிராவைப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மெதுவாச் சொன்னா பாரு, குழந்தைக்குச் சொல்ற மாதிரி.

பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், வந்துவிடுகிறேன் என்று. முழுசும் கேட்டுவிட்டு, "நீ வந்துட்டா முக்காலிய யாரு தூக்குவாங்க?" என்கிறார். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. முக்காலிக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை, அதற்காவது மூன்று கால் இருக்கிறது.

மார்ச் 9

நாத்தனார் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுக் காலையிலேயே அந்தச் சந்துக்குத் தனியாகப் போனேன். எதற்குப் போனேன்? மன்னிப்புக் கேட்கவா? கேட்கிற பேச்சே தெரியாதே.

ஒருத்தி போர்வை துவைத்துக்கொண்டிருந்தால் இன்னொருத்திக்குப் பேச்சு எதற்கு? ஊதாக் கதவு வீட்டுக்காரி ஒரு முனையை நீட்டினாள். பிடித்து முறுக்கினேன். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். தண்ணீர் கொட்டி இரண்டு பேர் காலும் நனைந்தது. என் பிடியைப் பார்த்துத் தலையாட்டினாள். பாஸ்.

பெயர் கேட்டேன். சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொன்னதைக் கேட்டால் என்னைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

பால் காய்ச்சித் தந்தாள். பிறகு தன் கையை இறுக்கி மூடி, என்னைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கைக்குள் என்ன?

பையிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதானா என்று முகம் போயிற்று. அப்புறம் ஜன்னல் விளிம்பில் இருந்த பால் குவளை மேல் வைத்தாள், ஈ விழாமல். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. இருவரும் சிரித்ததில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கிளம்பும்போது மூடியை அங்கேயே மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் எழுதுவேன்.

மார்ச் 10

காலையில் நாத்தனார் பையைக் கவிழ்த்துத் தேடினாள். "மூடி எங்கே அண்ணி?" பால் குவளை மேல் இருக்கிறது என்றேன். இரண்டு நாளில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. "விளையாடாதீங்க. தூசி போச்சுன்னா லென்ஸே போச்சு." நான் விளையாடவில்லை, போய் நீயே வாங்கிக்கொள் என்றேன்.

மீசைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டுக்காரி கொடியெல்லாம் கட்டி முடித்திருந்தாள். வாளி, சைக்கிள், செருப்புக் குவியல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நாத்தனார் மூடியைக் கேட்டாள். வீட்டுக்காரி மீசைக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் சங்கடத்தோடு மீசையைத் தடவினார்.

"குடுக்கிறாங்களாம். முதல்ல இந்தப் போர்வையோட ஒரு முனையைப் பிடிக்கச் சொல்றாங்க மேடம்."

"எனக்கு முதுகு..."

"அன்னிக்கு அவங்க முதுகுதான் நனைஞ்சது" என்றேன். சும்மாதான் சொன்னேன், வழக்கம்போல. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

நாத்தனார் பிடித்தாள். கனம் இல்லை, உதறி விரிக்கத்தான். உள்பக்கம் நின்று பிடிக்க வேண்டியிருந்ததால் முதல்முறையாக அந்த வாசலுக்குள் போனாள். துணியைக் கொடியில் போட்ட பிறகும் வெளியே வரவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள். அடுப்பு, தைக்கிற மிஷின், சுவரில் விளக்கு. அன்றைக்கு அணைக்கச் சொன்ன விளக்கு. பகலிலும் அதை ஏற்றாவிட்டால் அந்த அறையில் ஊசியில் நூல் கோக்க முடியாது. சந்துப் பக்கம் இருக்கிற ஜன்னலே ஒரு சாண்தான்.

உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்று நாத்தனார் கேட்கச் சொன்னாள். மீசைக்காரர் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"வேண்டாமாம். வேலை இருக்காம்."

வீட்டுக்காரி மூடியைத் துடைத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் வழியில் என்னிடம் கொடுக்கவில்லை. தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அறை வரை நடந்தாள்.

மார்ச் 12

பதிப்பகத்துக்காரரோடு போன். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். இந்த அறைச் சுவரும் விரிசல்தான், எல்லாம் கேட்டது. "வரியை நான்தான் எழுதுவேன்." "இல்ல, அழகா இல்லாட்டிப் பரவாயில்ல." "அப்போ வேண்டாம்."

வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "புத்தகம் போச்சு அண்ணி."

நியாயம் என்னவோ என் பக்கம்தான். ஆனாலும் இத்தனை ஊர் சுமந்த முக்காலி அப்போதுதான் தோளில் கனத்தது. பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தேநீர் கேட்டாள்.

ஏப்ரல் 2

வீடு. சமையலறைச் சுவரில் புது விரிசல். அவளுக்குக் காட்டவில்லை.

நவம்பர் 19

தபாலில் புத்தகம் வந்தது. பழைய பதிப்பகம் இல்லை, யாரோ சின்னவர்கள். தாள் மெல்லிசு, அட்டை வளைகிறது, படமும் கொஞ்சம் மங்கல். பெரிய மேசைமேல் வைக்கிற புத்தகம் இல்லை இது. அடுத்த பயணத்துக்குப் பணம் போட ஆள் கிடைப்பார்களா என்று நாத்தனாருக்கே தெரியாது. இன்னொரு பிரதி அந்தச் சந்துக்குப் போயிருக்கிறதாம்.

அட்டையில் அதே கதவு, அதே நான். கீழே எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தேன்.

"வாசலில் நிற்பவர் என் அண்ணி. கையில் இருப்பது லென்ஸ் மூடி. இந்த வீட்டில் வாழ்பவர் கதவுக்குப் பின்னால் இருட்டில் நிற்கிறார். அவரை உள்ளே போகச் சொன்னதும் விளக்கை அணைக்கச் சொன்னதும் நான்."

அவள் பெயரும் போட்டிருக்கிறது. அச்சில் பார்த்தும் என் வாயில் நுழையவில்லை. பக்கத்திலேயே என் பெயர்.

மற்ற ஊர்களையும் புரட்டினேன். மலைப் படிக்கட்டுக்குக் கீழே: "என் அண்ணி, முட்டிவலியோடு."

முட்டிவலியை ஊரறியப் போடச் சொன்னது யார்? நாளைக்குப் போன் பண்ணும்போது இருக்கிறது அவளுக்கு.