கத்திரிப்பூ நிற வீடு

மதினி,

காலையிலிருந்து உங்கள் வாசலில் சுண்ணாம்பு கொதிக்கிறது. உங்கள் மகன் தொட்டியில் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அந்தக் காரமான ஆவி தெருவைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் கருமாதி முடிந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நீங்கள் போனதற்கு நான் அழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவே கூடி ஒப்பாரி வைத்தபோது நானும் வந்து நின்றேன். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அந்தத் தொட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்கழிக் கடைசியில் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து உங்கள் வாசலில்தான் சுண்ணாம்பு நீற்றுவார்கள். ஆளுக்கு ஒரு வாளி எடுத்துப்போய் அடிப்போம். எல்லா வீடும் ஒரே வெள்ளை, கீழே ஒரு முழத்துக்குக் காவிப்பட்டை. எத்தனை சிட்டிகை நீலம் கலப்பது என்பதைக்கூட நீங்கள்தான் சொல்வீர்கள். அருப்புக்கோட்டை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மனைவி. யார் எதிர்த்துப் பேசுவார்கள்? என் வீட்டுக்காரர் இருந்தவரை நானும் பேசியதில்லை.

அவர் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. எனக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டவர்களில் நீங்களும் ஒருவர். கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய. துக்க வருஷம் கழிந்து அடுத்த பொங்கல் வந்தது. நூல் சுற்றப் போய்த் திரும்பும் வழியில் ஒரு கடையில் கலர்ப் பொடி பார்த்தேன். கத்திரிப்பூ நிறம். வாங்கிவந்து உங்கள் சுண்ணாம்பிலேயே கலந்து, தெருப்பக்கச் சுவர் முழுக்க அடித்தேன். உடம்பில் இல்லாத நிறம் சுவரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. காய்ந்ததும் தெருவில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தை மாதம் பருத்தி எடுக்க பரளச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவுக்குள் நுழைந்து, என் வீட்டைத் தாண்டி நடந்து போயிருக்கிறேன். தெரு முடிந்த பிறகுதான் உறைத்தது. என் சுவர் வெள்ளையாக இருந்தது.

அதே பையோடு உங்கள் வாசலுக்கு வந்தேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். சுளகைக் கீழே வைக்கவே இல்லை.

"நாந்தான் ஆளு விட்டு அடிக்கச் சொன்னேன். தெருவுக்குன்னு ஒரு மொற இருக்குல்ல? தாலியறுத்த வீட்டுக்கு வெள்ளதான் எடுப்பா இருக்கும்."

"ஏஞ் செவுத்தத் தொட நீங்க யாரு?"

"செவுரு ஒன்னோடதுதான். நித்தமும் பாக்குற கண்ணு எங்களுதுல்ல."

மறுநாளே திரும்ப அடித்தேன். அத்தோடு எனக்குத் தொட்டிச் சுண்ணாம்பு கிடையாது என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு பழைய பானையில் நானே நீற்றிக்கொண்டேன். முதல் தடவை தெறித்து வெந்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. வருஷம் தவறாமல் அதே நிறம். முறைத்துக்கொண்டே கோலம் போடுவீர்கள். நானும் முறைப்பேன். ஒருதடவை திருச்சுழியிலிருந்து உங்கள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தெரு முக்கில் வழி கேட்டவர்களுக்கு, "கத்திரிப்பூ வீட்டுக்கு எதுத்த வீடு" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் அதை உங்களிடமே சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு மாதம் தாங்கியது.

பிறகு உங்கள் வீட்டுக்காரரும் போனார். கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த வருஷம் உங்களுக்குப் பொங்கல் இல்லை, வெள்ளையும் அடிக்கவில்லை. அதற்கடுத்த மார்கழியில் ஒரு மத்தியானம், வெள்ளைச் சேலையோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். கையில் ஒரு கும்பா. அதுவரை "இந்தா" என்றுதான் கூப்பிடுவீர்கள்.

"மதினி, அந்தப் பொடி கொஞ்சம் கெடக்குமா? உள் ரூமுல ஒத்தச் செவுத்துக்கு மட்டும். வெளிய தெரியாது."

குரல் அடங்கிப் போயிருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. அன்றைய சுளகுச் சத்தம்தான் கேட்டது.

"தாலியறுத்த வீட்டுக்கு வெள்ளதான் எடுப்பா இருக்கும், மதினி" என்றேன். "பொடி தீந்துபோச்சு."

கும்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குக் கருப்பட்டி போட்டுக் காப்பி குடித்தேன்.

கருமாதிக்கு வந்தபோதுதான் உங்கள் உள் அறையை முதன்முறையாகப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு பெட்டி, பெட்டிமேல் அந்தக் கும்பா. நாலு சுவரும் வெள்ளை.

நீங்கள் என் வீட்டுக்குச் செய்ததை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த டப்பாவில், பிரிக்காத பொட்டலம் ஒன்று முழுசாக இருந்தது, மதினி.