தம்பி கட்டிய பந்துப் படிக்கட்டு

ஒரே பாயில் என்னோடு புரண்டு வளர்ந்த என் தம்பி கிருபாவுக்கு,

உன் மெஷின் ஓடியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகாலாவில், உன் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடியது. உன் மனைவி வசந்தா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

இந்தக் கடிதத்தைப் பிறரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பெற்ற நைனாவை என் தலையில் கட்டிவிட்டு ஓடியவன் என்று உன்னைப் பற்றி நான் பேசிய பேச்சைச் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். மீதியைத் திருப்பதியில் என் பாலிடெக்னிக் ஸ்டாஃப் ரூமில் கேட்டிருக்கிறார்கள். பல பேர் முன்னால் பேசிவிட்டு ரகசியமாகத் திருத்திக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

பேசியதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. நாம் படித்து முடித்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு முளைத்துக்கொண்டிருந்தது. நான் மெக்கானிக்கல், முதல் வகுப்பு, ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நீ தட்டுத்தடுமாறித் தேறி, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்காவுக்கு விசா வாங்கிவிட்டாய். எனக்கும் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அந்த மாதம்தான் நைனாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தன. நம்மில் ஒருவன் ஊரில் இருந்தாக வேண்டும். அது யார் என்று நாம் பேசவே இல்லை. நீ டிக்கெட் போட்டுவிட்டு வந்து, "பெட்டி கட்டணும்ண்ணா, கயிறு கீதா?" என்று கேட்டாய். நான் பரண் மேலிருந்து கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அந்தத் தொழிற்சாலை மூடிப்போயிற்று, நான் வாத்தியார் ஆனேன். நைனாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் நீ வந்து சேர்ந்தாய். நம் பேச்சு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் என்று சுருங்கி, கடைசி நான்கு வருஷம் அதுவும் நின்றது. நிறுத்தியவன் நான். உன் அடக்கத்தைச் செல்போன் திரையில் பார்த்தேன். ஜெபம் முடிவதற்குள் சிக்னல் போயிற்று.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெட்டி வந்தது. வசந்தாவின் அண்ணன் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டிய பைகள். குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தி வீடு கட்டி விளையாடுமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். கூடவே பல்சக்கரங்கள், அச்சுகள், ஒரு சின்ன மோட்டார், ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டு அளவுப் பந்துகள். ஐம்பது வயதை நெருங்கியவன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று எரிச்சல்தான் வந்தது.

அன்று வசந்தா போனில் விளக்கினாள். பாகாலாவின் தெலுங்குக் குடும்பத்துப் பெண் அல்லவா, கணவனின் அண்ணன் என்பதால் இன்றும் என்னைப் பாவகாரு என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தக் கட்டைகளால் பந்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் மெஷின்கள் கட்டுகிற குழு ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒருமுறை கூடி எல்லா மெஷினையும் வரிசையாக வைப்பார்களாம். ஒவ்வொன்றும் தன் இடப்பக்கத்து மெஷினிடமிருந்து பந்தை வாங்கி வலப்பக்கத்து மெஷினிடம் கொடுக்க வேண்டும், நொடிக்கு ஒரு பந்து. விதி அவ்வளவுதான். நீ கட்டியது ஒரு படிக்கட்டு. படிகள் மாறி மாறி ஏறி இறங்கிப் பந்தைத் தாங்களே மேலே தூக்கிவிடும்.

வீடு மாறும்போது அதைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிட்டாளாம். பிறகுதான் குழுவில் யாரிடமும் அதற்கு வரைபடம் கிடையாது என்று தெரிந்திருக்கிறது. நீ எதையும் வரைந்து வைக்கவில்லை. மிச்சம் இருந்தவை நான்கு வீடியோ, பதினோரு போட்டோ.

"எனக்கு ஒரே ஒரு தடவை அது ஓடறதப் பாக்கணும் பாவகாரு," என்றாள். "அவரு இருந்தப்போ கதவாண்ட நின்னு 'சாப்பாடு ஆறுது'ன்னு கத்திட்டுப் போய்டுவேன். உள்ள வந்து பாத்ததே இல்ல." தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாகாலா வருவதாகவும், அதற்குள் நான் அதைக் கட்டி முடிக்க முடியுமா என்றும் கேட்டாள். நான் முடியும் என்றேன். உனக்காகச் சொல்லவில்லை. உன்னால் முடிந்தது என்னால் முடியாதா என்ற வீம்பில் சொன்னேன்.

வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்தி, கட்டைகளின் மேலிருக்கும் குமிழ்களை எண்ணி நீளமும் அகலமும் கண்டேன். சக்கரங்கள் சாம்பல் நிறப் பலகைக்குப் பின்னால் மறைந்திருந்தன. ஒரு படி ஒருமுறை ஏறி இறங்குவதற்குள், வெளியே தெரிந்த மோட்டார் சக்கரம் ஒன்பது சுற்று சுற்றுவதை எண்ணினேன். அப்படியானால் உள்ளே எட்டுப் பல் சக்கரம் இருபத்து நான்கு பல் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், அதே ஜோடி இன்னொரு முறை வர வேண்டும். பெட்டியில் பார்த்தேன். எட்டுப் பல் இரண்டு, இருபத்து நான்கு பல் இரண்டு. சரியாக இருந்தது. கிளாஸில் இத்தனை வருஷம் பல்சக்கரக் கணக்கு போட்டிருக்கிறேன், விடை கையில் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அன்றே எனக்கு நானே ஒரு விதி எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டினேன். பெட்டியில் இருப்பது எல்லாம் மெஷினில் இருந்தது. பெட்டியில் இல்லாதது மெஷினில் இல்லை.

மூன்றாவது வீடியோவில் ஒரு பந்து படிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அதுவரை இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்த நீ பந்தைப் பார்த்து, "இன்னாடா, எங்க போய்க்கினு கீற நீ?" என்கிறாய். நான் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் அதே வீடியோவில் உன் மேல் ஒரு புதிய கோபமும் கிடைத்தது. நீ பந்தை வலது கையால் எடுத்துப் போட்டாய். சக்கரத்தை வலது கையால் திருகினாய். நீ பிறவி இடக்கைக்காரன். கோயிலில் காணிக்கைப் பை வரும்போது இடது கையை நீட்டுவாய், வீட்டுக்கு வந்ததும் நைனா அந்தக் கையைத் துண்டால் கட்டி வைப்பார். பத்து வயதில் நான் அவர் முன்னால் போய் நின்று, "அவன் கை அவனுது நைனா," என்று சொல்லி அறை வாங்கினேன். யாருக்காக அந்த அறை? அமெரிக்கா போய் வலக்கைக்காரனாகிவிட்டாயா?

இன்னொன்றும் இருந்தது. வீடியோவில் உன் மெஷினில் பந்து வலமிருந்து இடம் போயிற்று. விதிக்கு நேர் எதிர். அங்கேயும் ஊரோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போட்டோக்களில் திசை வேறாகத் தெரிந்தது. அவற்றை யாரோ பின்பக்கம் நின்று எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

கடைசியில் சாய்வுக் கட்டைகளில் வந்து நின்றேன். பந்தைப் படியை நோக்கித் தள்ளும் வாய்க்காலில் அவை ஆறு வேண்டும். செருப்பு மாதிரி அவற்றில் இடது வேறு, வலது வேறு. வீடியோவில் ஆறும் இடது. பெட்டியில் இடது ஒன்றுகூட இல்லை. வலது ஆறு மிச்சமாகக் கிடந்தது.

ஆறுக்கு ஆறு. என் மாணவன் எவனாவது இதைப் பார்த்தும் பார்க்காமல் போயிருந்தால் பாஸ் போட்டிருக்க மாட்டேன். நான் ஒட்டி வைத்த விதி கண் முன்னாலேயே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வசந்தாவுக்குப் போன் போட்டேன். சாமான்களைப் பொறுப்பாக வைக்கத் தெரியாதா, வேண்டியதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வேண்டாததைப் போட்டு அனுப்பினால் நான் எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷமாக உன்னிடம் கேட்க வைத்திருந்த குரலில் கேட்டேன்.

அவள் என்னைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் ஒண்ணையும் யாருக்கும் குடுக்கல பாவகாரு. ஒண்ணொண்ணா கழுவி, துடைச்சு, எண்ணிப் போட்டேன். அவரு கை பட்டது."

போன் நின்றுபோயிற்று. அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. என் மனைவி எஸ்தருக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினாள். கல்யாணம் முடிந்து அப்படியே திரும்பப் போவதாகவும், திருப்பதிப் பக்கம் வரப்போவதில்லை என்றும். ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம் அந்த ஆசையையும் பிடுங்கிக்கொண்டேன்.

எஸ்தர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொண்டுவந்து வைத்தவள் திரையில் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள், யாரைப் பார்த்தாலும் முதலில் சட்டையைத்தான் பார்ப்பாள்.

"இன்னாங்க இது, பாக்கெட் வலது பக்கமா கீது?"

நான் வீடியோவை நிறுத்தினேன்.

"எந்த ஊர் டைலர் ஆம்பள சட்டைக்கு வலது பக்கம் பாக்கெட் வெப்பான்? பட்டன் பட்டியும் மாறிக் கீது பாருங்க. இது கண்ணாடில பாக்கற மாதிரி இல்ல?"

போனை எதிரே நிறுத்தி முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறாய். அது கண்ணாடியைப் போலவே இடம் வலம் மாற்றிப் பதிந்திருக்கிறது. போட்டோக்கள்தான் சரி. உன் மெஷின் விதிப்படி இடமிருந்து வலமாகத்தான் ஓடியது. ஆறு வலது கட்டைகளும் இருக்க வேண்டிய கட்டைகள். வசந்தா ஒன்றையும் தொலைக்கவில்லை.

நீ கடைசிவரை இடக்கைக்காரனாகவே இருந்திருக்கிறாய். அந்த வீடியோவைத் திருப்பிப் போட்டு நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எஸ்தரைத்தான் கேட்க வேண்டும்.

முழுவதையும் பிரித்தேன். இடம் வலம் மாற்றி முதலிலிருந்து கட்டினேன். மூன்று வாரம் ஆயிற்று. ஆறு சாய்வுக் கட்டைகளும் 'டக்' என்று உட்கார்ந்தன. பெட்டியில் கடைசியாக ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை.

அவள் வரமாட்டாள் என்றால் நான்தானே போக வேண்டும்? மெஷினை நான்கு துண்டாகப் பிரித்து, இரண்டு மாம்பழப் பெட்டிகளில் பழைய சேலைத் துணி சுற்றி வைத்து, பாசஞ்சர் ரயிலில் மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகப் பாகாலா போனேன். எதிர் சீட்டுக்காரர் சீசன் இல்லாத சமயத்தில் என்ன காய் என்று கேட்டார். தம்பியுடையது என்று சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

வசந்தா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கூச்சோண்டி பாவகாரு," என்றாள். வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டுமே என்று சொன்னது. நான் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போன வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"தப்பு என்னுதும்மா. நீ எதையும் தொலைக்கல. நான்தான் பாக்கத் தெரியாமப் பாத்து உன்னத் திட்டிட்டேன்."

பாக்கெட் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா கண்டுபிடிச்சாங்களா? எஞ்சினியர் நீங்க இல்லையா?" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழத் தொடங்கினாள். அவள் அம்மா மேசை மேலிருந்த பாத்திரங்களை எடுத்து இடம் பண்ணினார்.

முதல் பந்தை வசந்தாவே போட்டாள். முதல் படி தூக்கியது, இரண்டாவது வாங்கியது, மூன்றாவது. ஏழாவது படியில் இரண்டு பந்து முட்டி, ஒன்று எகிறி ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடியது. அச்சை ஒரு துளை தள்ளிப் பொருத்தினேன். அதன் பிறகு நிற்கவில்லை. மறுபக்கம் விழும் பந்துகளை அவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்துப் பிடித்து, திரும்ப இந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தாள். "எவ்ளோ பொறுமையா ஏறுது," என்றாள். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று அவள் அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். யாரும் நகரவில்லை.

கிண்ணத்தைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்திருக்க வேண்டும். "கூட்டத்துல வெக்கறப்போ இதோட பந்த யாரு வாங்கிப்பாங்க பாவகாரு?" என்று கேட்டாள். பெங்களூரிலும் இப்படி ஒரு குழு இருக்கிறதாம், நான் இதை அங்கே கொண்டுபோக வேண்டுமாம். யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று பதில் சொன்னேன். மெஷினோடு ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

நீ அனுப்பிய எதையும் நான் கை நீட்டி வாங்கியதில்லை, கிருபா. ஷூ, வாட்ச், நைனாவுக்கு என்று கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் 'அங்கே வை' என்பதுதான் என் பதில். நீ இருக்கும்போது ஒரு முறை 'கொடு' என்று கை நீட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தெரியவில்லை. போக வேண்டியவன் நான் என்று இன்றும் சில நாள் தோன்றுகிறது. அந்த நாட்களில் மெஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். பெங்களூருக்கு இரண்டு மெஷின் வரும். உன்னுடையதற்கு வலது பக்கத்தில் நிற்பதை நான் கட்டுகிறேன். பார்த்துச் செய்ய வீடியோ கிடையாது, எனக்குத் தெரிந்த அளவில்தான் வரும், அழகாக இருக்காது. ஆனால் நீ நொடிக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே இரு. ஒன்றுகூடக் கீழே விழாமல் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நிற்கப்போகிற
உன் அண்ணன்